அலமாரிச் சாவி யாரிடம்?

2015 முதல் அப்துல் கலாமின் பிறந்தநாளான அக்டோபர் 15ஐ மகாராஷ்டிர அரசு ‘வாசன் பிரேரணா தின்’, அதாவது வாசிப்பு ஊக்க நாள், எனக் கடைப்பிடித்து வருகிறது. இராமேசுவரத்துக்காரர் ஒருவரின் பெயரால் மராத்தி மண்ணில் வாசிப்புக்கு ஒரு நாள் இருப்பது பிம்ப்ரியில் வாழும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்நாளில் நடப்பது வாசிப்பன்று என்பதே என் வழக்கு.

சென்ற ஆண்டு இப்பகுதிப் பள்ளி ஒன்றுக்கு நடுவராகச் சென்றேன். ஒன்பதாம் வகுப்பினர் எழுதிய ‘வாசிப்பு அறிக்கை’களுக்கு மதிப்பெண் இட வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், பத்து வரிச் சுருக்கம், கற்ற நீதி. பெரும்பாலான தாள்களில் ஒரே சுருக்கம், ஒரே எழுத்துப்பிழையுடன்! நூலகத்தைப் பார்க்கக் கேட்டேன். அலமாரி பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்த ஆசிரியை விடுப்பில். ஒரு நூல் தொலைந்தாலும் அவர்தாம் பணம் கட்ட வேண்டுமாம். பின் எப்படித் திறப்பார்? அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

நூல் தொலைவது குற்றமன்று. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே, வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதவிடத்து, இயல்பான இழப்பாக ஏற்கின்றன. அவ்விதி எல்லாப் பள்ளிகளையும் கட்டுப்படுத்தாதுதான். அதைப் பின்பற்ற யார் தடை? கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் அட்டவணையில் கதைநூல்கள் உள்ளிட்ட நூலகத்தைப் பள்ளிதோறும் கேட்கிறது. அச்சட்டத்தின் எல்லையோ எட்டாம் வகுப்பு. பதின்வயதின் நடுவில், பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில், கதை கேட்கும் உரிமை பிள்ளைகளிடமிருந்து நழுவிவிடுகிறது.

ஆய்வாளர்களாகிய நாமும் இதில் பங்காளிகள். ‘இளையோர் படிப்பதில்லை’ என்று கருத்தரங்குகளில் வருந்துகிறோம். அவர்கள் படிப்பதை வாசிப்பென்று ஒப்புக்கொள்ள மறுக்கிறோம். பா. ரா. பாகவத் படைத்த ஃபாஸ்டர் ஃபேணே, புர்சுங்கியிலிருந்து புணேவுக்குப் படிக்க வந்த துடுக்குப் பையன். மராத்திச் சிறார் பல தலைமுறையாகக் கொண்டாடிய துப்பறிவாளன். 1972இல் முத்து காமிக்ஸ் கொணர்ந்த இரும்புக்கை மாயாவியும் தமிழில் அவ்வாறே வாசகரை உண்டாக்கினான். ‘கற்ற நீதி யாது?’ என்ற கட்டத்தில் இவர்களைப் பற்றி என்ன எழுதுவது? எனவே பட்டியலிலேயே இடமில்லை. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் என்று சீர்காழியில் பிறந்த அரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்தார். நூலகவியல் தேர்வில் அது இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் எஞ்சியுள்ளது.

மதிப்பெண் இல்லையேல் மாணவர் தொடமாட்டார் என்பர் சிலர். மதிப்பெண் இருந்தபோது தொட்டதன் இலட்சணத்தைத்தான் மேலே சொன்னேன். ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்களுக்கு எஸ். டி. ஆர். மாணிக்கம் நினைவிருக்கும். நூல்கள் கிடைத்தற்கரிய இராமேசுவரத்தில், சிறுவன் கலாம் அவர் வீட்டுக்குச் சென்றுதான் நூல்களை இரவல் பெற்றான். அங்கே திறந்திருந்தது ஒரு வீட்டு அலமாரி.

நான் கேட்பது சிறிது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை, விரும்பிய நூல், விரும்பிய மொழி, பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவைக்கலாம், அறிக்கை கூடாது, தொலையும் நூலுக்கு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இவ்வாண்டும் நடுவராக அழைப்பு வந்திருக்கிறது. மறுத்துவிட்டேன். அன்று அலமாரியைத் திறந்துவைப்பதானால், பதிவேட்டுடன் அதன் அருகே நாள் முழுதும் அமர்ந்து நூல் வழங்க வருவதாகத் தலைமையாசிரியருக்கு எழுதியுள்ளேன். விடை இன்னும் வரவில்லை.