குப்பியில் ஒரு குருதி நொதி

துணிப்பெட்டியில் நாம் இட்டு வைக்கும் அந்துருண்டை, சில குழந்தைகளின் குருதியையே சிதைத்துவிடக் கூடும் என்பதை அறிவீர்களா? மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் மாத்திரையும், மத்தியதரைக் கடல் நாட்டார் உண்ணும் ஃபாவா அவரையும் அவ்வாறே செய்யும். (நம் வீட்டுக் கொடியில் காய்க்கும் அவரை வேறு; அதன்மீது ஐயம் வேண்டாம்.)

ஜி6பிடி எனும் நொதியின் குறைபாடே காரணம். சர்க்கரையிலிருந்து பாதுகாப்பாற்றலைப் பிரித்தெடுக்கும் நொதி இது. பிற உயிரணுக்களுக்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இஃதொன்றே கதி. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறை உண்டென மதிப்பிடப்பட்டுள்ளது. தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவதால் ஆண்மக்களையே பெரிதும் வருத்துகிறது. பிறந்த சிசுவுக்குக் கடும் மஞ்சள் காமாலை கண்டால், குடும்பத்தில் இக்குறை உண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

இது கண்டறியப்பட்ட வரலாறு கசப்பானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநில ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மலேரியா மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தனர். சிலருக்குக் குருதி சிதைந்தது. காரணம் இந்நொதிக் குறையே என 1956இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கைதிகள் இசைந்தே உட்பட்டனர் என்பர். கம்பிக்குப் பின்னால் இருப்பவனின் இசைவு எத்தகைய இசைவு?

இன்று அத்தகைய உடல்கள் தேவையில்லை. 1986இல் இந்நொதிக்குரிய மரபணுவின் எழுத்து வரிசை வெளியாயிற்று. அம்மரபணுவை இ.கோலி எனும் பாக்டீரியாவில் பொருத்தினால், மனித நொதியை அது உற்பத்தி செய்து தருகிறது. அதைத் தூய்மைப்படுத்திச் சிறு குப்பிகளில் உறைய வைத்து ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்துகின்றனர். அது மருந்தன்று, ஊசியாய்ச் செலுத்தினாலும் சிவப்பணுவுக்குள் புகாது.

ஆயினும் அதன் பயன் பெரிது. இந்நொதி 515 அமினோ அமிலங்களின் கோவை. ஓரெழுத்துப் பிழையால் சொல்லின் பொருள் திரிவதை நம் மதரஸாச் சிறுவனும் அறிவான். காண்டன் எனப்படும் வகையில் 459ஆம் இடத்தில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது, நொதி தளர்ந்துவிடுகிறது. அப்பிழையையும் பாக்டீரியாவிலேயே எழுதி, பழுதான நொதியை வேண்டிய அளவு பெறலாம். அவ்வாறு பெற்ற நொதியின்மீது எண்ணற்ற இரசாயனங்களைச் சோதித்து, அதன் செயலைத் தூண்டும் ஒரு சிறு மூலக்கூறை 2018இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஏஜி1 என்பது அதன் பெயர். அது இன்னும் மருந்தாகிவிடவில்லை.