மீதி மூன்று ரூபாய்

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, மேற்கு மாம்பலத்தில் நாம் வழக்கமாகப் போகும் மருந்துக் கடையில் நின்றிருந்தோம். நமக்கு முன்னால் ஓர் அம்மையார். எழுபது வயது இருக்கலாம். சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஓர் அட்டை வாங்கினார். பில் 46 ரூபாய் 70 காசு. கடைப் பையன் வாயால் சொன்னது 47. அம்மையார் சுருக்குப் பையைத் தளர்த்தி ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பையன் கல்லாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஜாடிக்குள் கைவிட்டு மூன்று மிட்டாய்களை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“ஏம்ப்பா, சக்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவகிட்ட மிட்டாய நீட்டுறியே?”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். பையனும் சிரித்தான். “சில்லறை இல்ல பாட்டி. பேரனுக்குக் குடுங்க” என்றான்.

“பேரனுக்கே முப்பது வயசாச்சு. நீ காசக் குடு.”

இதற்குள் வரிசை நெளியத் தொடங்கிவிட்டது. “மூணு ரூபாதானே, விடுங்கம்மா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அம்மையார் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிட்டாய்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அடுத்து நம் முறை. செல்பேசியை எடுத்தோம், கட்டத்தின் மேல் காட்டினோம், 212 ரூபாய் 40 காசு போய்ச் சேர்ந்தது. ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை. “விடுங்கம்மா” என்ற குரல் நம்முடையது அன்று. ஆனால் சிரித்தவர்களில் நாமும் உண்டு என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவது புதிய வழக்கமன்று. மருந்துக் கடைக்காரர்கள் சற்றுக் கண்ணியமாக, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரோ தொண்டைக் கரகரப்புக்கான வில்லையோ தருவதும் உண்டு. நமக்குக் காயமும் இல்லை, கரகரப்பும் இல்லை என்பது வேறு விஷயம். நம் நண்பர் ஒருவர் ஆறு மாதம் இந்த மிட்டாய்களைச் சேர்த்துவைத்து, ஒருநாள் அதே கடையில் சோப்பு வாங்கிவிட்டு முப்பது மிட்டாய்களை எண்ணிக் கொடுத்தார். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “விளையாடாதீங்க சார்” என்றாராம். அந்தக் கோபம் உண்மையானது, அதுதான் நம்மை யோசிக்கவைக்கிறது. கடையிலிருந்து வெளியே வரும்போது பணமாக இருந்த மிட்டாய், திரும்ப உள்ளே போகும்போது மிட்டாயாகிவிடுகிறது. தவிர, ஒரு ரூபாய் மிட்டாய் கடைக்காரருக்கு ஒரு ரூபாய்க்கு வருவதில்லை. நாம் கேட்காத பொருளை, நம் காசுக்கே, தம் லாபத்தோடு விற்றுவிட்டு, அதற்குச் ‘சில்லறை’ என்று பெயரும் வைக்கிறார். அந்த 30 காசையும் விட்டுவிடக் கூடாது. நாளொன்றுக்கு முந்நூறு பேர் வரும் கடையில் ஆளுக்கு 30 காசு ஏறினால் நாளுக்கு 90 ரூபாய், மாதத்துக்கு 2,700 ரூபாய்.

காசுக்கணக்கு இப்படிச் சிதைவது இந்த நாட்டில் முதல்முறையன்று. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்தபோது ஓரணா என்பது ஆறேகால் நயா பைசா ஆயிற்று. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19 என்று மாற்று அட்டவணை வகுத்தார்கள். ஓரணாவை இருமுறை மாற்றினால் 12 கிடைக்கும், மூன்றணாவை ஒருசேர மாற்றினால் 19, தனித்தனியே மாற்றினால் 18. ஒரு பைசா காற்றில் போய்விடும். அதற்கும் முன்னால், யுத்த காலத்தில், 1940-இல் ஒரு ரூபாய்த் தாளை மறுபடி அச்சடிக்க வேண்டிவந்தது. 1943-இல் செம்பை மிச்சப்படுத்தக் காலணாவின் நடுவில் துளை போட்டார்கள். அந்த ‘ஓட்டைக் காலணா’ இன்றும் நம் பேச்சில் உயிரோடிருக்கிறது, பயனற்ற மனிதரைக் குறிக்க. துளை போட்ட காசானாலும் அதைக் காசாகத்தான் கொடுத்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமற்போயின. ஐம்பது காசு இன்றும் சட்டப்படி செல்லும். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு அதைச் செலுத்தலாம் என்றே சொல்கிறது. செலுத்திப் பாருங்கள்! சட்டத்தில் வாழ்ந்து சந்தையில் செத்துப்போன நாணயம் அது. ஆனால் விலைகள் மட்டும் காசுக் கணக்கைக் கைவிடவில்லை. அட்டவணைப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு அரசே மாத்திரை ஒன்றுக்கு இத்தனை ரூபாய் இத்தனை காசு என்று உச்சவிலை குறிக்கிறது. செருப்புக் கடையில் 5 காசு குறைத்துப் போடும் விலை எல்லோரும் அறிந்த வேடிக்கை. அந்த 5 காசைத் திருப்பித் தர ஒரு நாணயம் இல்லை என்று தெரிந்தே விலை எழுதப்படுகிறது.

நிற்க. இதில் போவது பணம் மட்டுமானால் நாம் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டோம். தமிழில் ‘சில்லறை’ என்ற சொல்லே கொஞ்சம் சதி செய்கிறது. சில்லறைக் காசு, சில்லறை வியாபாரம் என்ற அளவில் அது நல்ல சொல்தான். ஆனால் சில்லறைப் புத்தி, சில்லறைத்தனம் என்று போகும்போது மனிதரைச் சிறுமைப்படுத்தும் சொல்லாகிவிடுகிறது. சில்லறை கேட்பவர் சில்லறை மனிதராகிவிடுவாரோ என்ற அச்சம், கேட்கும் முன்பே நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. கொடுக்க வேண்டியவர் கூசுவதில்லை, கேட்க வேண்டியவர் கூசுகிறார். கடன் வாங்கியவன் மார்நிமிர்த்தி நடக்க, கொடுத்தவன் தெருமாறிப் போவதைப் போன்ற நிலை. அந்த “விடுங்கம்மா”வில் இருந்ததும் இதுதான். சொன்னவருக்கு மூன்று ரூபாய் ஒன்றுமில்லாததாக இருக்கலாம். அம்மையாருக்கு அப்படியா என்பதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

பழைய பேருந்து நடத்துநர்களை நினைத்துப் பார்க்கிறோம். எச்சில் தொட்டுக் கிழித்துத் தந்த அந்த மெல்லிய டிக்கெட்டின் பின்புறத்தில் பாக்கித் தொகையை எழுதி, “எறங்கும்போது வாங்கிக்க” என்பார்கள். பாதிப் பேர் மறந்துவிட்டு இறங்கிவிடுவோம். இறங்கியபின் நினைவு வந்து, புகையைக் கக்கிக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்தபடி நின்ற நாள்கள் எத்தனையோ. அப்படியும் அந்தக் கிறுக்கலில் ஒரு மரியாதை இருந்தது. உனக்கு நான் தர வேண்டும் என்று ஒருவர் கைப்பட எழுதித் தருகிறார் அல்லவா! அண்ணாச்சி கடைகளிலும் அப்படியே. கடன் எழுதும் அதே நீள நோட்டில், “மாமிக்கு ரெண்டு ரூபா நிக்குது” என்பதும் ஒரு வரியாக இருக்கும். மிட்டாயில் அந்த வரி கிடையாது. கணக்கு அங்கேயே தீர்ந்தது என்று நம் கையைக் கழுவிவிடுகிறது மிட்டாய்.

கடைக்காரர் தரப்பையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. வங்கியில் போய்ச் சில்லறை கேட்டால் எளிதில் கிடைப்பதில்லை. உண்டியல் காசு சேருமிடங்களிலிருந்தும் தரகர்களிடமிருந்தும் கமிஷன் கொடுத்து வாங்குகிறோம் என்று பல சிறு வணிகர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பணத்தைப் பணம் கொடுத்து வாங்குவது அவர்களுக்கும் எரிச்சல்தான். 2016 நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையானபோது, கையில் புத்தம்புது 2,000 ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு பால் வாங்க முடியாமல் நாம் தவித்தோம். அந்தத் தாளை உடைக்க முடியாமல் கடைக்காரர் தவித்தார். எனினும் அவருக்கு வேறு வழியே இல்லை என்று நாம் ஒப்பவில்லை. 47 ரூபாய்க்கு மூன்று ரூபாய் இல்லையென்றால், இரண்டு ரூபாயைக் குறைத்து 45 வாங்கிக்கொண்டு ஐந்து ரூபாய் நாணயம் தரலாம். இழப்பு ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். கனடாவில் 2013 பிப்ரவரியில் ஒரு சென்ட் நாணய விநியோகத்தை நிறுத்தியபோது இப்படித்தான் செய்தார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கிட்டிய 5 சென்டுக்கு, ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும். இங்கோ ஏறும் வழி மட்டுமே திறந்திருக்கிறது.

இன்னொன்று, இதில் வாங்குவோரான நமக்கும் பழி உண்டு. பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டில் படாதபாடு படுத்தினோம். ரூபாய்ச் சின்னம் இருந்தால்தான் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று யாரோ கிளப்பிவிட, படித்தவர்களும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கோடு எண்ணினோம். அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் “இது ஓடாது சார்” என்பதே பதிலாயிருந்தது. நம்மிடம் வந்ததை நாம் வாங்க மறுத்தோம், மறுத்ததால் அது புழங்கவில்லை, புழங்காததால் சில்லறை இல்லை என்றோம். வீட்டில் ஊறுகாய் ஜாடி நிறையக் காசை நிரப்பிவைத்துவிட்டுக் கடையில் போய்த் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுவதும் நாம்தாம்.

இப்போது செல்பேசி வந்துவிட்டது. யு.பி.ஐ. 2016-இல் தொடங்கியது. இளநீர்க்காரரும் பூக்காரரும் கட்டம் அச்சிட்ட அட்டையை மாட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நமக்கு நிம்மதிதான். காசு கணக்கு காசாகவே நிற்கிறது, 30 காசு ஏறுவதில்லை, மிட்டாய் இல்லை, கூச்சம் இல்லை. ஆனால் அந்த நிம்மதி எப்படி வந்தது? சண்டை தீர்ந்து வரவில்லை. சண்டை போடத் தெம்புள்ளவர்கள் எல்லோரும் களத்தை விட்டுப் போய்விட்டதால் வந்தது. முன்பெல்லாம் மிட்டாய் நீட்டப்பட்டால் வரிசையில் ஒருவராவது, சட்டைப் பையில் பேனா குத்திய ஒருவர், குரலை உயர்த்துவார். இன்று அவர் குனிந்து திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தாளும் நாணயமுமாகக் கொடுக்க மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், அன்றாடக் கூலி பெறுகிறவர்கள், செல்பேசி இருந்தும் அதைப் பணத்துக்கு நம்பாதவர்கள். அவர்களிடம்தான் கடை இப்போது தன் 30 காசுகளை வசூலிக்கிறது.

2023-இல் ரிசர்வ் வங்கி நாணயம் வழங்கும் இயந்திரங்களை 12 நகரங்களில் சோதனையாக வைக்கப்போவதாக அறிவித்தது. தாளைப் போட்டால் காசு கொட்டும் இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். யு.பி.ஐ. வழியாகச் செல்பேசியைக் காட்டினால், நம் வங்கிக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டு நாணயம் தரும் ஏற்பாடு அது. அதாவது நாணயம் தேவைப்படாதவருக்கே நாணயம்!

கடந்த வாரம் அதே மருந்துக் கடைக்குப் போனபோது உரிமையாளரே இருந்தார். நல்ல மனிதர், நமக்குப் பல ஆண்டுப் பழக்கம். அந்த மாலை நடந்ததைச் சொல்லி, மீதியை ஒரு நோட்டில் எழுதிவைத்து அடுத்த முறை கழித்துக்கொடுத்தால் என்ன என்று கேட்டோம்.

“கம்ப்யூட்டர் பில் சார். அதுல அதுக்கு எடமில்ல” என்றார். பிறகு, நம் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, சமாதானமாகச் சொன்னார்: “நீங்க அந்தப் பாட்டியப் பத்திக் கவலைப்படாதீங்க. போன தடவ வந்தாங்க. 47 ரூபா, சரியா எண்ணி முடிஞ்சு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க.”

அட்டவணை மருந்துகளின் விலை ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும். அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அம்மையாரிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்க வாயெடுத்தோம். அதற்குள் பின்னால் நின்றவர் தம் செல்பேசியை நம் தோளுக்கு மேலாக நீட்டிக் கட்டத்தின் மேல் காட்டிக்கொண்டிருந்தார்.