தறையாணியா, பற்றவைப்பா?

அலுமினியப் பாத்திரம் புழங்காத இல்லம் நம்மவரிடையே அரிது. அதன் கைப்பிடியில் எது முதலிற் கெடும் என்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். தகடு தேய்வதற்கு முன்பே தறையாணி ஆட்டங்காணும். வட அமெரிக்க ஏரிகளில் மீன் பிடிப்போரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கொன்றும் இதைப் பற்றியதே. தறையாணி அடித்த அலுமினியப் படகு நெடுநாள் உழைக்குமா, பற்றவைத்த படகு உழைக்குமா என்பதே அவ்வழக்கு.

தறையாணிப் படகு விமானத் தொழிலோடு உறவுடையது. போர் விமானங்கள் செய்துவந்த கிரம்மன் நிறுவனம், 1945ஆம் ஆண்டில், விமானத் தகடுகளை இணைத்த அதே முறையில் அலுமினியத் தோணிகளைச் செய்யத் தொடங்கிற்று. குறைந்த எடையும் குறைந்த விலையும் இவ்வகைப் படகின் சிறப்புகள். இணைப்பில் நெருப்புப் படாமையால் தகட்டின் வலிமையும் குன்றுவதில்லை. ஆயினும் அலை மோத மோத, ஆண்டுகள் செல்லச் செல்ல, ஆணிகள் தளரும். நீர் துளித்துளியாகக் கசியும். தளர்ந்த ஆணியை, ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் வெளியிலிருந்துமாக அடித்து இறுக்கிவிடலாம்.

பற்றவைத்த படகில் தளர்வதற்கு ஆணி இல்லை. தகடும் பெரும்பாலும் தடித்தது. பாறையில் மோதினும் எளிதில் நசுங்காது. ஆனால் அலுமினியத்தைப் பற்றவைத்தல் எளிதன்று. அவ்வுலோகம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன்மேற் படியும் ஆக்சைடுப் படலமோ 2,000 பாகையைக் கடந்தே உருகும். படலத்தை நீக்கி, ஆர்கான் போன்ற வாயுவின் காப்பிலே பற்றவைத்தாலன்றி இணைப்பு உறுதி பெறாது. செவ்வனே செய்தாலும், சூடுபட்ட ஓரம் சற்று வலிமை இழக்கும். விரிசல் பெரும்பாலும் அங்குதான் தோன்றும். கவனியாது விட்டால் நீளும். அதனைச் சீர்செய்யத் தேர்ந்த தொழிலாளி வேண்டும்.

ஆதலின், அமைதியான சிற்றேரிக்கும் சிறு முதலுக்கும் தறையாணிப் படகு போதும். பாறையும் பேரலையும் உள்ள நீருக்கு, கனத்த எந்திரம் பூட்டுவோருக்கு, பற்றவைத்ததே ஏற்றது என்பது நம் துணிபு. உப்புநீரிலோ இரண்டுக்கும் பகை ஒன்றே: செம்பு அலுமினியத்தைத் தொட்டவாறிருந்தால் அரிப்பு விரையும்.

பழைய படகு வாங்குவோர் செய்யும் சோதனை ஒன்று போற்றத்தக்கது. படகைக் கரையில் நன்கு தாங்கி நிறுத்தி, உள்ளே சிறிது நீர் ஊற்றினால், எந்த ஆணி கசிகிறதென்று வெளியே தெரிந்துவிடும். விரிசலுக்கு அச்சோதனை போதாது. எந்திரம் தாங்கும் பின்பலகையருகே ஒவ்வோர் இணைப்பையும் கண்ணால் தடவிப் பார்த்தல் வேண்டும். கசிவு முன்னறிவித்து வரும். விரிசல் ஓசையின்றி வளரும்.

தொழில் நகரங்களில் பற்றவைப்புப் பயிலும் நம் இளைஞர் இதனை நெஞ்சிற் கொள்க. அவர்கள் இணைக்கும் தகட்டை நம்பி நாளை எவரோ ஒருவர் நீரில் இறங்குவார். அவர் கரை திரும்புதலை அவருடைய வீட்டார் எதிர்நோக்கியிருப்பர்.