ஜூன் 4 வராத கேள்விகள்

சென்ற மாதம் வந்த ஓர் இதழின் தலையங்கம் பல நாட்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. சாதி மறுப்புத் திருமணம் பற்றி யாரோ எடுத்த கருத்துக்கணிப்பின் விழுக்காட்டை முன்வைத்து, தமிழ்ச் சமூகம் மனத்தளவில் சாதியைக் கடந்துவிட்டது, நம் எழுத்தாளர்கள்தான் பழைய புண்ணைக் கீறிக்கொண்டிருக்கிறார்கள் என்று அது எழுதியது. எண்ணை மறுப்பவர் மக்களை மறுப்பவர் என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது. விட்டுத்தள்ளுங்கள் என்றார்கள் உடனிருப்பவர்கள். விட முடியவில்லை. அந்த இதழ் நாம் மதிக்கும் நண்பர்களின் இதழ். அதை நடத்துபவர்கள் எண்ணைக் கண்டு மயங்கக் கூடியவர்கள் அல்லர். அவர்களே மயங்கினால் தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

தேர்தல் கணிப்பிலிருந்து தொடங்குகிறோம். 2024 ஜூன் 1 மாலை, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்ததும் வெளிவந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. 400ஐத் தொட்டவையும் உண்டு. ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. மறுநாள் பெட்டி திறந்தபோது கூட்டணிக்குக் கிடைத்தவை 293, பாஜகவுக்குத் தனியாக 240. சென்செக்ஸ் 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. கணிப்பாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2019ஐவிட பாஜகவின் வாக்கு விகிதம் குறைந்தது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. இழந்த இடங்களோ 63. கூடுதல் வாக்கு பெற்றவரே வென்றவர் என்னும் நம் முறையில் வாக்கை இடமாக மாற்றிக் கணக்கிடுவது எவருக்கும் எளிதல்ல. 2004இலும் இப்படித்தான் சறுக்கினார்கள், நாடு பிழைத்துக்கொண்டது.

இதில் நமக்குப் பெரிய புகார் இல்லை. தேர்தல் கணிப்பு எவ்வளவு தவறினாலும் அதைத் திருத்த ஒரு ஜூன் 4 வருகிறது. பொத்தானை அழுத்தும்போது உடன் யாரும் நிற்பதில்லை. எண்ணும்போது முகவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கணித்தவருடைய பொய் மூன்றே நாளில் வெளுத்துவிடுகிறது. “உங்கள் மகள் வேறு சாதியில் மணம் செய்தால் ஏற்பீர்களா?” என்ற கேள்விக்கு எந்தத் தேதியில் எண்ணிக்கை? எந்தப் பெட்டியைத் திறந்து சரிபார்ப்பது? யாரோ வாசலில் நின்று கேட்டார், யாரோ எதையோ சொன்னார், அது விழுக்காடாகி அச்சேறி அப்படியே நின்றுவிட்டது. நண்பர்களின் இதழ் அதன்மேல் ஒரு சமூகத்தின் மனமாற்றத்தையே கட்டிவிட்டது.

படிவம் ஏந்தி வாசல்களில் நின்றவர்களில் ஒருவன் என்பதால் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி விடுமுறையில், ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி எங்களைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். கையில் பரீட்சை அட்டை, அதில் கவ்விய படிவம். பதினேழாவது கேள்வி சாதி மாறிய திருமணம் பற்றியது: முழுமையாக ஆதரிக்கிறேன், ஓரளவு ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன், கருத்து இல்லை. ஒரு திண்ணையில் அறுபது வயதிருக்கும் பெரியவர். கேள்வியை முடிக்கவிடவில்லை. “ஆதரிக்கிறோம்னு எழுதிக்கோங்க தம்பி. காலம் மாறிப்போச்சுல்ல” என்றார். எழுதினேன். மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். ஓர் அம்மாள் செம்போடு நிலைப்படி வரை வந்து நின்றுகொண்டார். “தம்பிக்கு எந்த ஊரு?” சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” சொன்னேன். “அப்பா பேரு?” அதையும் சொன்னேன். அவருக்கு வேண்டியது கிடைக்கவில்லை. “தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க எந்த ஆளுக?” நான் பதில் சொல்லும்வரை அந்தச் செம்பு நிலைப்படியைத் தாண்டவில்லை.

அவர் பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை. கேட்பவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை அவர் ஐம்பது ஆண்டுகளாக மேடைகளிலிருந்து கற்றிருந்தார். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. சாதி தவறு என்பது இங்கே பொதுமேடையின் மொழியாகிவிட்டது. அது திராவிட இயக்கத்தின் வெற்றி, சிறிய வெற்றியும் அல்ல. ஆனால் கணிப்பாளர் அளப்பது இந்த மேடைமொழி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைத்தான். செம்பு எங்கே நின்றது என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குக் கிழக்கே இருந்த காலனிக்குப் போனோம். கடைசியில் அங்கே போவது என்பது யாரும் வகுக்காத ஒழுங்கு. நான் பேசிய அக்கா அப்போதுதான் வேலைக்காட்டிலிருந்து திரும்பியிருந்தார். பதினேழாவது கேள்விக்கு, “உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதப் போட்டுக்கங்க தம்பி” என்றார். கருத்து இல்லை என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டேன். படிவத்தை மூடிவிட்டுத் தண்ணீர் கேட்டபோதுதான் பேசினார். தங்கை மகன் மேலத்தெருப் பெண்ணோடு போய்விட்டான், திருப்பூரில் இருக்கிறார்களாம், தங்கையும் மச்சானும் இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள், பூட்டிய வீட்டின் ஓட்டையும் மேலத்தெருக்காரர்கள் பிரித்துப்போட்டுவிட்டார்கள். ஊரிலேயே அந்தக் கேள்வியைப் பற்றி மிக அதிகம் தெரிந்தவர் அவர். எங்கள் கணக்கில் அவர் கருத்து இல்லாதவர். போதாததற்கு எங்கள் மேற்பார்வையாளர், கருத்து இல்லை என்பது ஒரு கட்டுக்கு நான்கைந்துக்கு மேல் வரக் கூடாது, மீண்டும் போய்க் கேளுங்கள் என்றார். நாங்கள் மீண்டும் போகவில்லை. அறைக்குள் உட்கார்ந்தே கட்டங்களை நிரப்பினோம். அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

பின்னாளில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவைப் படித்தபோது அந்தப் பதினேழாம் கேள்விதான் நினைவுக்கு வந்தது. பொதுக்கருத்து என்று ஒன்று இல்லை என்ற அந்தக் கட்டுரை 1973இல் அச்சானது. மதுரையில் ஒரு மாடி அறையில், நகலெடுத்து மங்கிய தாள்களாக அது எங்களுக்குக் கிடைத்தது. ஐந்து பேர் விடிய விடிய வாசித்தோம். எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கருத்து இருக்கும் என்று கொள்வது, எல்லாக் கருத்தும் சம எடை என்று கொள்வது, இதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்று கொள்வது. அவர் உடைத்த இந்த மூன்றில் மூன்றாவதுதான் எங்களை உலுக்கியது. அதே அறையில்தான் ஜெர்மானியச் சிந்தனையாளர் அதோர்னோவும் வாசிப்பில் வந்து சேர்ந்தார். 1938இல் அமெரிக்கா போய் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் வானொலி ஆய்வில் சேர்ந்த அவர், இசை கேட்பவரின் பிடித்தது, பிடிக்காததை அளந்து தரச் சொன்னபோது முரண்டுபிடித்த கதையைக் காவியம்போலப் பேசிக்கொண்டிருந்தோம். அமைப்பியல் அலை வந்தது, போனது. அந்த ஐவரில் இருவர் இன்று இல்லை. கேள்வியைக் கேட்பது யார் என்று கேட்கும் பழக்கம் மட்டும் எங்களைவிட்டுப் போகவில்லை.

இன்னொன்று. பரவலாகக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். 1936 அதிபர் தேர்தலுக்கு முன் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லேண்டன் வெல்வார் என்று அடித்துச் சொன்னது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருந்தோர் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. பெருமந்தத்தின் நடுவில் காரும் தொலைபேசியும் யாரிடம் இருந்தன?

நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டை மக்களாட்சிக்குச் சான்றாக மேடைதோறும் காட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை அவை. சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தது இப்படி: ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடம், ஒன்றுமறியாச் சிறுவன் கைவிட்டு எடுப்பது. இன்றைய புள்ளியியலார் வாய்ப்புமுறைத் தேர்வு என்று சொல்வதை இதைவிடச் சுத்தமாகச் செய்ய முடியாது. சிறுவனின் கையில் பிழையே இல்லை. ஆனால் ஓலையில் பெயர் ஏற என்ன வேண்டும்? முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது, இறை கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த ஊரான பிரமதேயத்தின் சபை அது. உழுதவர் பெயரும் பெண்கள் பெயரும் குடத்துக்குள் போகவே இல்லை. குடம் குலுக்கிய நேர்மையைக் கொண்டாடுபவர்கள் குடத்துக்குள் போகாத ஓலைகளைப் பற்றிப் பேசுவதில்லை. நண்பர்கள் மேற்கோள் காட்டிய கணிப்பு எப்படி எடுக்கப்பட்டது, கைபேசியிலா, வீடு தேடிப் போயா, ஊரிலா, காலனியிலா என்று அந்தத் தலையங்கத்தில் ஒரு சொல் இல்லை.

கவனமாகச் செய்த ஆய்வுகளும் உண்டு. பியூ ஆய்வு மையம் 2019 இறுதியிலிருந்து 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் நேரில் பேசியது. தம் சமூகப் பெண்கள் வேறு சாதியில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 64 விழுக்காடு. தெற்கில் இந்த எண் மற்ற பகுதிகளைவிடக் குறைவு. இதை வைத்து நாம் முன்னேறிவிட்டோம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வுத் தரவிலிருந்து செய்த கணக்குகளில், சாதி மாறி நடந்த மணங்களில் தமிழ்நாடு இந்தியச் சராசரிக்கு வெகு கீழே நிற்கிறது. எதிர்ப்பு குறைவு என்று சொல்லும் நிலத்தில் மணமும் குறைவு. மோர்ச்செம்பை நான் மறக்காமலிருப்பது இதனால்தான்.

சாதிக் கேள்விக்கும் எண்ணும் நாள் வராமல் இல்லை. 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் வந்தது. ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து மூன்று தலித் குடியிருப்புகள் எரிந்தன. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, சாதி மாறி மணந்த ஓர் இணையைப் பட்டப்பகலில் வெட்டியபோது வந்தது. அதற்கு முந்தைய வாரம் அந்தத் தெருக்களில் படிவத்தோடு போயிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? காலம் மாறிப்போச்சு என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள்.

இனி ஒரு கோபத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எண்ண வேண்டியவற்றை எண்ணாமலிருக்கும் நாடு கருத்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. எல்லாச் சாதிகளையும் எண்ணிக் கடைசியாக வெளியிட்ட மக்கள்தொகைக் கணக்கு 1931இல் வெள்ளையர் ஆட்சியில் எடுத்தது. சுதந்திர இந்தியா அடுத்த கணக்கில் சாதியைச் சேர்க்க முடிவெடுத்தது 2025 ஏப்ரலில். ஆணவக் கொலையைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தனித் தலைப்பில் எண்ணத் தொடங்கியதே 2014இல்தான். தற்கொலை என்று எழுதி மூடிய மரணங்கள் அந்தத் தலைப்புக்குள் வருவதில்லை. எத்தனை பிள்ளைகள் ஊர் திரும்ப முடியாமல் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள், எத்தனை தாய்மார் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள்? இவை எண்ணக்கூடியவை. எண்ணினால் யாருடைய கருத்தையும் கேட்காமலே நம் நிலை தெரியும்.

நண்பர்களின் இதழுக்கு எங்கள் வேண்டுகோள்: அந்தக் கணிப்பின் கேள்வியை, கேட்ட அதே சொற்களில் வெளியிடுங்கள். எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். இந்த இதழில் இனி இந்த இரண்டும் இல்லாமல் எந்தக் கணிப்பின் எண்ணும் அச்சாகாது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவுக்குப் படிவத்தோடு யாராவது வந்தால், என்ன கேட்டார்கள், யார் முன்னால் கேட்டார்கள், நீங்கள் சொன்னதில் எதை எழுதாமல் விட்டார்கள் என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும். வருகிறவற்றை வந்தபடியே வெளியிடுவோம்.