பலகறை: ஒரு சொல்லும் இரு நத்தைகளும்

கவடி என்றால் பலகறை. சோகி என்றாலும் பலகறை. பலகறை என்றால் மீண்டும் கவடி. தமிழ் அகராதிகள் பலவும் இவ்வட்டத்தைக் கடப்பதில்லை. இச்சொற்கள் சுட்டுவது ஓடு. ஓட்டினுள் வாழ்ந்த உயிர் எந்த இனம் என்னும் வினா எழுப்பப்படுவதே இல்லை. இவ்விடுபாடு சிறிதன்று.

பணமாக வழங்கிய கவடிகள் பெரும்பாலும் இரண்டு இனங்களைச் சார்ந்தவை. ஒன்று, 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட மொனெட்டா; இன்று மொனெட்டாரியா மொனெட்டா எனப்படுவது. மஞ்சள் சாயலும் புடைத்த விளிம்பும் உடையது. மற்றொன்று மொனெட்டாரியா அன்னுலஸ். இதன் முதுகில் பொன்னிற வளையம் ஓடும். மொனெட்டாவிலும் சிலவற்றில் மெல்லிய வளையம் தென்படுவதால், நிறத்தை மட்டும் நம்பாமல் விளிம்பின் வடிவையும் நோக்குதல் வேண்டும்.

வேறுபாடு விலங்கியலார்க்கு மட்டும் உரியதன்று. மாலத்தீவினர் தென்னை ஓலைகளைக் கடலில் மிதக்கவிட்டு, அவற்றில் பற்றிய மொனெட்டாவைத் திரட்டினர். அது வங்கத்திற்கும், ஐரோப்பியக் கப்பல்கள் வழியே மேற்கு ஆப்பிரிக்காவிற்கும் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார்ப் பகுதியிலிருந்து அன்னுலஸ் பெருமளவில் அங்கே கொண்டுசெல்லப்பட, கவடியின் மதிப்பு சரிந்தது. ஆகவே மேற்கு ஆப்பிரிக்கக் குவியல் ஒன்றின் காலத்தை அறிய இனமே ஒரு சான்றாகிறது. தமிழகத்திற்கு இம்முடிவை அப்படியே பொருத்துதல் தகாது. இரண்டும் இந்தியப் பெருங்கடலில் பரவலாக வாழ்வன. எனினும் 'சோழி' என்ற ஒற்றைச் சொல்லோடு பதிவு நின்றுவிடின், பின்வரும் ஆய்வாளர் ஐயுறுவதற்குக்கூட இடமிராது.

சொல்லாய்விலும் இழப்பு உண்டு. இன்று அளவைக்கூற்றைக் குறிக்கும் 'அலகு' என்பதற்குப் பலகறை என்ற பொருளையும் தமிழ் லெக்சிகன் தருகிறது. எண்ணுதற்குக் கருவியான ஓடு எண்ணுக்கே பெயராயிற்றா, எண்ணின் பெயர் ஓட்டிற்கு ஏறிற்றா என்பது தனியே ஆராயத்தக்கது. (கவடியைக் காவடியொடு மயங்கும் எழுத்துப்பிழை வேறு அவ்வப்போது தலைகாட்டுகிறது.)

இனப்பெயர், நீளம், முதுகு உடைக்கப்பட்டதா அன்றித் தேய்க்கப்பட்டதா என்னும் மூன்று செய்திகளேனும் அகழாய்வுப் பதிவில் இடம்பெறுதல் வேண்டும். முதுகு நீக்கிய ஓடு கோப்பதற்கோ தைப்பதற்கோ ஆகலாம். முழு ஓடு தாயம் உருட்டவும் பயன்பட்டிருக்கலாம். அகராதிப் பதிப்பாளர்க்கு வேண்டுவது இன்னும் குறைவே: 'ஒருவகைக் கடல்நத்தையின் ஓடு' என்ற தொடரும் அதனருகே இனப்பெயரும்.