மலையகக் குளிருக்கு எந்தக் கோழி?

2022 பொருளாதார நெருக்கடியில் கோழித் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. முட்டை விலை ஏறியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. தோட்டச் சம்பளத்தை நம்பியிருக்கும் நுவரெலியா, ஹட்டன் குடும்பங்களுக்கு நாலு கோழி வளர்ப்பது இன்று பொழுதுபோக்கல்ல.

எந்தக் கோழி என்பதே கேள்வி. கலப்பின முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அதற்குக் கடைத் தீவனம் வேண்டும், அடைகாக்காது, மறுபடியும் குஞ்சு வாங்க வேண்டும். ஊர்க்கோழி அதில் மூன்றிலொரு பங்கு முட்டைகூட இடாது. ஆனாலும் மேய்ந்து தின்று, தானே குஞ்சு பொரிக்கும்.

நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் சில இரவுகளில் உறைபனி விழும். வன்னி வெக்கைக்கு ஏற்ற, கழுத்தில் இறகில்லாத கோழி இங்கே வாடிவிடும். ரோட் ஐலண்ட் ரெட் போன்ற அடர்ந்த இறகுள்ள இனத்தை ஊர்க்கோழியோடு கலந்தால் குளிரையும் தாங்கும், முட்டையும் கூடும். குளிரைவிட ஈரமே ஆபத்து. கூட்டின் தரை காய்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கூட்டை எங்கே போடுவது? லயத்து நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில். புதிய வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் கிடைத்ததும் 7 பேர்ச் காணிதான். போருக்குப் பின் வன்னியில் வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு வாங்கியவர்களில் பலருக்குச் சொந்த வளவாவது இருந்தது. மலையகத்தில் குஞ்சு கொடுக்க வருபவர்கள் முதலில் பேச வேண்டியது காணியைப் பற்றித்தான்.