பிளேடால் வெட்டிய ஸ்வரங்கள்

மின்னணு இசை என்றாலே ஆண்கள் சமாசாரம் என்று நினைக்கிறோம், இல்லையா? இங்கிலாந்தின் டீலியா டெர்பிஷயர் கணிதமும் இசையும் படித்தவர். 1959-ல் டெக்கா கம்பெனியில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பெண்களை எடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்களாம்!

1963-ல் பி.பி.சி.யில் 'டாக்டர் ஹூ' தொடருக்கு முகப்பு இசை செய்தார். மெட்டு ரான் கிரெய்னருடையது. சின்தசைசர் கிடையாது. கம்பியை மீட்டியும், மின்கருவியை ஒலிக்கவிட்டும் பதிவு செய்து, டேப்பை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அளந்து, பிளேடால் வெட்டி ஒட்டினார். பூத்தொடுக்கிற பொறுமை வேணும்! அசந்துபோன கிரெய்னர், இவர் பெயரையும் சேர்த்துப் போடணும் என்றார். நிர்வாகம் சம்மதிக்கவில்லை, ஊழியர் பெயர் போடுகிற வழக்கமில்லையாம். நல்ல வழக்கம், போங்கள்!

2001-ல் டீலியா காலமானார். அந்த இசைக்காகத் திரையில் அவர் பெயர் வந்தது 2013-ல்தான்.